கனத்த பக்கம் கீழே வரும்

முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு ஷட்டரை முக்கால்வாசி இறக்குவார். கடலூர் ரோட்டுப் பக்கமிருந்து வரும் காற்றுகூட உள்ளே நுழையக் கூடாது. வீலைக் கொண்டுவந்தவர் பேச வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார். "கொஞ்சம் சும்மா இரு. நீ வுடற மூச்சுல வீலு திரும்பிடும்." வந்தவர் சிரிப்பார். அப்துல் கையூம் சிரிக்க மாட்டார்.

முதலியார்பேட்டையில், மில் சுவரை ஒட்டிய சந்தில், ஓர் ஆட்டோ நுழைந்தால் வெளியே வரத் திணறும் இடத்தில் இருக்கிறது அவர் கடை. எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிறவர்கள், திரும்பப் பூட்டுவதற்கு முன்னால் ஃபிளைவீலை இவரிடம் கொண்டுவந்து பேலன்ஸ் பார்த்து வாங்கிப் போவார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே பெரிய இரும்புச் சக்கரம் அது. அவசரப்பட்டுத் தூக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் பின்னால் உட்கார்ந்து அதோடு சேர்ந்து சுற்றும். அது கோணலாகச் சுற்றினால் வண்டி மொத்தமும் உதறும்.

கடையில் பெரிய யந்திரம் எதுவும் கிடையாது. ரசமட்டம் வைத்து இம்மி பிசகாமல் படுக்கவைத்த இரண்டு எஃகுச் சட்டங்கள்தான். வீலின் நடுவே ஒரு தண்டைச் செருகி, சட்டங்களின் மேல் வைத்து, ஒற்றை விரலால் உருட்டிவிடுவார். வீல் போகும், தயங்கும், திரும்பி வரும், நிற்கும். கனத்த பக்கம் கீழே வந்திருக்கும். "தோ, சொல்லிட்டாம் பாரு" என்பார், வீலை ஆம்பிளையாக்கி. அந்த இடத்தில் மகள் ஃபரீஹாவின் நகப்பூச்சால் ஒரு பொட்டு. சாக்பீஸ் என்றால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடுமாம். பொட்டு வைத்த இடத்தில் டிரில்லால் கொஞ்சம் இரும்பைத் தோண்டி எடுத்து, மறுபடி உருட்டுவார். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற வரைக்கும் மனிதர் விடமாட்டார். அதற்குள் வந்தவருக்கு இரண்டு டீ ஆகிவிடும்.

இந்தச் சீக்கு கடையோடு நின்றால் பரவாயில்லை. நெல்லித்தோப்பில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. ஊரே மாப்பிள்ளையைப் பார்க்க, இவர் மட்டும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மின்விசிறி தள்ளாடிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து போய் சுவிட்சை அணைத்து, நாற்காலி மேல் ஏறி, இறக்கை ஒன்றில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டிவிட்டுத்தான் இறங்கினார். மனைவி ஜீனத்துன்னிசா வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு வந்தீங்களா, கரண்டு வேலைக்கு வந்தீங்களா? என் மானமே போச்சு." கையூம் அசரவில்லை. "அது ஆடிக்கிட்டே இருந்தா அந்தப் பையன் எப்படி நிம்மதியா 'கபூல்'னு சம்மதம் சொல்லுவான்?"

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தனக்கொடியின் வண்டி உலுக்கிவிட்டது.

தனக்கொடிக்கு அரியாங்குப்பம். சின்ன லோடு வண்டியைத் தானே ஓட்டி, கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்குப் பாத்திரம் ஏற்றி இறக்கிப் பிழைக்கிற பெண்மணி. வண்டி ரொம்ப நாளாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. முகூர்த்த மாதம் பிறப்பதற்குள் எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்கட்டும் என்று ரெட்டியார்பாளையம் மெக்கானிக் புருஷோத்தமனிடம் விட்டார். வழக்கம்போல வீல் கையூமிடம் வந்தது. அவரும் பார்த்து அனுப்பினார். பூட்டி ஸ்டார்ட் பண்ணினால், வண்டி உதறிய உதறலில் சைடு கண்ணாடி கழன்று தொங்கியது.

புருஷோத்தமன் போன் பண்ணினான். கையூம் அவனைப் பேசவே விடவில்லை. "என் வீல்ல குத்தம் இருக்காதுப்பா. நீ உள்ள எதையோ மாத்திப் பூட்டியிருக்க." பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தனக்கொடியும் அதையே பிடித்துக்கொண்டார். பட்டறையில் நாலு பேர் முன்னால் புருஷோத்தமனுக்கு நல்ல பாட்டு விழுந்தது.

வியாழக்கிழமை தனக்கொடியே வீலை ஆட்டோவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "இன்னொரு தபா பாத்துருங்க பாய். எஞ்சினை மறுக்காப் பிரிக்கணும்னு தலைல கைய வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கான் அவன். ஞாயித்துக்கெழம பெரிய கல்யாணம். அண்டா போய்ச் சேரலன்னா சமையக்காரரு வேற வண்டியப் புடிச்சுப்பாரு. அப்புறம் என்னை இன்னாத்துக்குக் கூப்புடப் போறாரு? வேல தெரியாதவங்கிட்ட வுட்டேன் பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

விசிறி நின்றது. ஷட்டர் இறங்கியது. வீலைச் சட்டத்தில் வைத்தார். எங்கே விட்டாரோ அங்கே நின்றது. கால்வாசி திருப்பினார், அங்கேயும் நின்றது. இதைவிடச் சுத்தமாக எவன் செய்ய முடியும்? "பாத்தியா" என்று சொல்ல வாயெடுத்தவர், தற்செயலாக வீலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

ஓரத்தில், ஒரு பக்கம் மட்டும், இரும்பு தடித்து மேடாக இருந்தது. பிசிறில்லை, தேய்மானமில்லை. வார்க்கும்போதே அப்படி வார்த்து, கடைந்து, வழவழப்பாக்கி அனுப்பிய மேடு. இவர் முன்பக்கம் போட்ட துளைகள் அத்தனையும் அந்த மேட்டுக்கு நேரேதான் இருந்தன.

மூன்று சிலிண்டர் எஞ்சின் அது. ஓடும்போது தானே ஒரு பக்கமாகத் துள்ளுகிற ஜாதி. அந்தத் துள்ளலை எதிர்த்து இழுத்துப் பிடிக்கவே வீலில் ஒரு பக்கம் கனம் கூட்டி வைத்திருக்கிறார்கள். நாலு சிலிண்டர் வீல்களையே பார்த்துப் பழகிய கை, கேள்வி கேட்காமல் தோண்டிவிட்டது. புருஷோத்தமன் ஒரு தப்பும் செய்யவில்லை.

"இன்னா பாய், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"வெச்சுட்டுப் போம்மா. காலைல வந்து வாங்கிக்க."

தனக்கொடி சந்து முனை வரைக்கும் புருஷோத்தமனைத் திட்டிக்கொண்டே போனார். கையூம் கேட்டுக்கொண்டே நின்றார்.

தோண்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் நேர் எதிர்ப்பக்கம், அதே டிரில்லால், அதே ஆழத்துக்குத் துளை போட்டால் அந்தப் பக்கம் இளைத்து, மேட்டுப் பக்கம் பழையபடி கனத்துவிடும். போட்டார். சட்டத்தில் வைத்து உருட்டினார். வீல் போனது, தயங்கியது, மேட்டுப் பக்கம் சரேலென்று கீழே வந்து நின்றது. கை பரபரத்தது. பொட்டு வைக்கவில்லை. கோணலை அப்படியே விடச் சொல்லி அந்தக் கைக்கு இதுவரை யாரும் பழக்கியதில்லை.

இப்படியே கொடுத்தனுப்பினால் விஷயம் அதோடு முடிந்துவிடும். நாளைக்கு வண்டி நன்றாக ஓடும். புருஷோத்தமன் முதல் தடவை சொதப்பிவிட்டு, இரண்டாம் தடவை சரியாகப் பூட்டினான் என்று ஊர் பேசும். புதிய துளைகளைப் பார்த்தாலும் அவன் பாயைக் கேட்க மாட்டான். அதுதான் கையூமை அறுத்தது. தப்புச் செய்ததைவிட, நானில்லை என்று அத்தனை திமிராகச் சொன்னது வெட்கமாக இருந்தது. ஜீனத்துன்னிசா போட்ட இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காலையில் தனக்கொடி வந்து வீலை வாங்கிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல், வெள்ளை ஜிப்பாவும் அத்தர் வாசனையுமாக ஸ்கூட்டரை நேரே ரெட்டியார்பாளையத்துக்கு விட்டார்.

பட்டறை வாசலில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. உதறலே இல்லை. டீக்கடைக்காரர், பக்கத்துப் பட்டறை ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். தனக்கொடிக்கு முகமெல்லாம் பல். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மொதல்லயே இப்படிப் பூட்டியிருந்தா எனக்கு இத்தினி அலைச்சல் உண்டா?" என்றார். புருஷோத்தமன் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அவன் மொதல்லயே நல்லாத்தான் பூட்டுனான்" என்றார் கையூம், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி. "கனம் இருக்க வேண்டிய எடத்துல தோண்டிக் கெடுத்தது நான். போன்ல அவன் மேல பழியப் போட்டதும் நான்தான்."

தனக்கொடி புருஷோத்தமனைப் பார்த்தார்.

"வுடுங்க பாய், அதான் ஓடுதே" என்று புருஷோத்தமன் எழுந்தான். கையூம் இரண்டு கைகளையும் நீட்டினார். அவன் முழங்கை வரை எண்ணெயாக இருந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "ஐயோ, வெள்ள ஜிப்பா பாய்."

கையூம் ஓர் எட்டு முன்னால் வைத்து, பின்னால் போன அந்தக் கைகளை இழுத்து, தன் இரண்டு கைகளுக்குள்ளும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.