விண்ணப்பத்தில் நான் எழுதிய "இல்லை"

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஆலை வேலை போனபின் அம்மாவை ஹோட்டலில் வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான் என்று உங்களில் பலர் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கவே இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அம்மா சிலிம் ரிவருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. பதினான்கு வயதில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனார். தோட்டம் விற்கப்பட்டு, வீடுகள் கட்ட மரங்களைச் சாய்த்தபோது குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து, கையுறை ஆலையில் சேர்ந்தார். அப்பா மறைந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் தம்பியும் நானும் படித்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, ஒரு ஹோட்டலில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் அதிகாரியானேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது ஆலையில் ஆட்களைக் குறைத்தார்கள். எட்டு மாதம் வேலை தேடினார். வயதைக் கேட்டதும் எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். கோப்பெங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போய், முதுகு வலியோடு திரும்பினார். அந்தச் சமயத்தில் எங்கள் ஹோட்டலின் சலவைப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை. பஸ் நிலையத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துச் சின்னம்மாதான் அம்மாவிடம் சொன்னார்.

"ஒங்க ஹோட்டல்தானேம்மா? பாரத்த எழுதிக் குடு. எனக்கு அதெல்லாம் தெரியாதுல்ல."

எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா? "இல்லை" என்று எழுதினேன். முகவரிக்குச் சின்னம்மா வீட்டைப் போட்டேன். அடையாள அட்டையில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர். என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். பார்க்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. அம்மா பழகி வைத்திருந்த கையெழுத்தை அதன் கீழே நிதானமாகப் போட்டார்.

நேர்முகத்துக்குப் போய் வந்த அன்று, சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"சொந்தக்காரங்க யாரும் இங்க இல்லியான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. எம்மவ இருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். பாரத்துல இல்லன்னு போட்டிருக்குன்னாரு. சரின்னு, யாரும் இல்லன்னுட்டேன்."

"ரூல் அப்படிம்மா," என்றேன். அப்படி ஒரு விதியே இல்லை.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்லா."

முதல் நாள் என் காரில் வந்தார். ஹோட்டலுக்கு முந்தின சாலை விளக்கருகே, நான் எதுவும் சொல்வதற்குள், "இங்கயே எறக்கி வுடு, நான் நடந்து வாரேன்," என்றார். ஆறு ஆண்டுகள் அங்கேதான் இறங்கினார். மழை நாட்களிலும்.

அந்த வயதில் புது வேலை. பொத்தான்களின் நிறத்தை வைத்தே இயந்திரங்களைப் பழகிக்கொண்டார். இரண்டாம் ஆண்டில் புதிதாக வருபவர்களுக்கு அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் கோப்போடு சலவைப் பிரிவுக்குப் போனேன். அம்மாவோடு துப்பட்டி மடித்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா கேலி செய்துகொண்டிருந்தார்.

"எம்மவ எம்மவன்னு ஓயாம சொல்றீங்களே அக்கா, ஒரு நாளாச்சும் கண்ணுல காட்டுங்கலா! மவ இருக்கா, இல்ல கதையா?"

"அதுக்கு வேல ஜாஸ்தி லெட்சுமி. கலியாணத்துக்குக் கூப்புடுறேன், வந்து பாரு," என்ற அம்மா, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குட் மார்னிங் மிஸ்," என்றார்.

நானும் குட் மார்னிங் சொன்னேன்.

சிறுநீரகம் பழுதாகி அம்மா மருத்துவமனையில் படுத்தபோது, என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று தாதி கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லலாம் என்று என்னிடம் உத்தரவு கேட்கும் பார்வை அது. "மகள்," என்று நான் சொன்ன பிறகுதான் தலையைத் தலையணையில் சாய்த்தார். நான்காம் நாள் காலமானார்.

அதன் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். சாவு வீட்டில் தம்பி உள்ளே சடங்கில் இருந்தான். நான் கேட்டருகே தனியாக நின்றிருந்தேன். வேலை இடைவேளையில், சலவைப் பிரிவு ஆட்களோடு சீருடையில் வேனில் வந்து இறங்கிய லெட்சுமி அக்கா என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபிஸ்லருந்து நீங்க ஒரு ஆளாச்சும் வந்தீங்களே மிஸ். பெரிய மனசு ஒங்களுக்கு. அக்கா மவ வந்துருச்சா?"

"உள்ளே இருக்காங்க," என்றேன்.

அவர்கள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நேரமாகிவிட்டதென்று வேனேறிப் போனார்கள். ஓராண்டாக லெட்சுமி அக்காவை நடைவழியில் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்புகிறேன்.

அம்மாவுக்கு வேலை இருக்கும் செய்தியைக் கொண்டு வந்த சின்னம்மாவுக்கும், கடைசிக் காரியங்களைக் குறையில்லாமல் செய்த தம்பிக்கும், துணை நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த மலரை நாளைக் காலை சலவைப் பிரிவுக்கு நானே கொண்டு போகிறேன். லெட்சுமி அக்கா, ஒரு நாளாவது கண்ணில் காட்டச் சொல்லிக் கேட்டீர்கள் அல்லவா, அந்த மகள் நான்தான். இதைப் படித்தபின் நீங்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன். மிஸ் என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

மகள்