பல்லில் கடித்த ஈயம்

நானா, என் கூடப்பிறந்த அண்ணன், வலை வீசினால் வாயும் சேர்ந்துதான் வீசும். வீச்சுவலையின் விளிம்பைச் சுற்றி ஈயக்குண்டுகள் கோத்திருக்கும். வலையின் ஒரு பாதியைத் தோளில் போட்டு, மறுபாதியைக் கையில் அள்ளி, விளிம்பில் ஓரிடத்தைக் குண்டோடு சேர்த்துப் பல்லால் கடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பி எறிவார். சரியான நேரத்தில் வாயைத் திறந்தால் வலை வட்டமாக விரிந்து களப்புத் தண்ணீரில் விழும். எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியில் வாப்பாவும் இப்படித்தான் வீசினார். சின்ன வயதில் கரையில் நின்று நான் கைதட்டியிருக்கிறேன்.

பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. இலத்திரனியல் கழிவு பற்றி ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பழைய போன், கணினி, தொலைக்காட்சி, அவற்றின் பற்றரி எதையும் குப்பையோடு போடக்கூடாது, எரிக்கக்கூடாது, உடைத்து உருக்கக்கூடாது. அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். உள்ளே ஈயம் இருக்கிறது, பாதரசம் இருக்கிறது. ஈயம் உடம்புக்குள் போனால் வயிற்றைப் பிடிக்கும், கையை நடுங்க வைக்கும், லேசில் வெளியே வராது. புதிய சாமான்களுக்குள் ஈயம் வைப்பதற்கே பல நாடுகளில் கட்டுப்பாடு. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எங்கள் ஊர் மீனவர் சங்கக் கட்டடத்திலும் இதையே ஒப்புவித்தேன். நடுவில் ஒருவர் எழும்பி, "மிஸ், அந்த அனுமதி உள்ள ஆள் எங்க இரிக்கார்?" என்று கேட்டார். பக்கத்தில் எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். "வாகனம் வரும், அறிவிப்பம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்! போன தடவையும் அதைத்தான் சொன்னேன்.

முன்வரிசையில் நானா இருந்தார். "வயிற்றைப் பிடிக்கும்" என்று நான் சொன்னபோது அவருடைய கை அவர் வயிற்றில் கிடந்தது. மாதக்கணக்காக வயிற்றுவலி. காஸ்ட்ரிக் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் பாதி சிந்திப்போகும். அதுவரை இவை எனக்குத் தனித்தனி விஷயங்களாகவே இருந்தன. அதற்குப் பிறகு அந்த மேடையில் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வலைக்கு வேண்டிய ஈயத்தை நானா பழைய இரும்புக் கடையிலிருந்துதான் கொண்டுவருவார். கரண்ட் போனால் ஓடுவதற்குக் கணினிகளோடு வைக்கும் பற்றரிகளைச் செத்தபிறகு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உடைத்து, தேங்காய்ச் சிரட்டைத் தணலில் சட்டி வைத்து உருக்கிக் குண்டு வார்ப்பார். அன்றைக்கே போய் அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்தேன். சண்டை பிடித்தேன், அழுதேன். "சரி, இனி உருக்க மாட்டன்" என்றார் நானா. சொன்னபடியே இருந்தார். அடுத்த வாரம் டவுணுக்குப் போய் புதுக் குண்டுகள் வாங்கிவந்து வலையில் கோத்தார்.

"இது கடைச் சாமான் தங்கச்சி, இதுக்குப் பயமில்ல."

கையில் வாங்கிப் பார்த்தேன். அதுவும் ஈயம்தான்.

மேலிடத்துக்குப் போன் எடுத்து, வலையில் ஈயத்துக்குப் பதிலாக எதைக் கட்டலாம் என்று கேட்டேன். அந்த ஐயா மரியாதையாகத்தான் பேசினார். "மிஸ், எங்கட விதி இலத்திரனியல் சாமானுக்கு. வலை எங்கட பக்கம் வராது." வலைக்குரிய பக்கமான மீன்பிடி அலுவலகத்தில் விசாரித்தேன். அவர்கள் வலைக்கண்ணின் அளவைத்தான் பார்ப்பார்களாம். கணினியோடு இருக்கும்வரை ஈயத்துக்கு விதி இருந்தது, என்னைப்போல் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் இருந்தது. நானாவின் வாய்க்கு வந்ததும் கேட்பாரில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்கவேண்டும் போலிருந்தது. உடைந்தால் அதுவும் கழிவு.

டொக்டரிடமும் கூட்டிப்போனேன். இளம் பெண், பொறுமையாகக் கேட்டார். இரத்தத்தில் ஈயம் பார்க்க இங்கே வசதியில்லை, கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றார். "அதுவரைக்கும் ஈயத்தைத் தொடாம இருங்க."

நானா என்னைப் பார்த்தார். "தொடாம எப்பிடித் தங்கச்சி வீசுற?"

இரும்பு நட்டுகளைக் கோத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து வலையை அறுத்தன. தொழிலை மாற்றச் சொல்லலாம். என்ன தொழிலுக்கு? நானாவின் மனைவி, என் மச்சி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னாத்தான் கேப்பார். வாயில வைக்கிறதயாவது நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். நானா சத்தியம் பண்ணினார்.

ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில் களப்பருகே இறங்கினேன். நானா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். என்னைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு கையால் மட்டும் எறிந்தார். வலை பாதி விரிந்து, மடிந்து, ஈரத் துணி விழுந்ததுபோல் பொத்தென்று விழுந்தது. இழுத்தார். பாசிதான் வந்தது. இன்னொரு தரம் எறிந்தார். அதுவும் அப்படியே. கை நடுங்கியதில் குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. வலையை மறுபடி அள்ளித் தோளில் போட்டார். பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"அங்கால திரும்பு தங்கச்சி."

அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஓடிப்போய் வலையைப் பறித்திருக்கலாம். நான் ரோட்டுப் பக்கம் திரும்பினேன். பின்னால் வலை முழு வட்டமாக விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இறால் புள்ள!" நானா சந்தோசமாகக் கத்தினார். "பின்னேரம் வந்து எடுத்திட்டுப் போ!"

"ஓம் நானா" என்றேன்.