லெந்து நாட்களில் ஈஸ்ட்டைக் காப்பாற்றியவன்

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டத்துக்கும் ஆகாது, என் மனைவிக்கும் ஆகாது. சட்டத்துக்கு இன்னும் தெரியாது. மனைவிக்கு முதல் வாளியிலிருந்தே தெரியும். செவிலிமேட்டில் நாங்கள் கட்டிய வீட்டின் மாடிக் குளியலறையை வாளி, குழாய், முளைகட்டிய பார்லி மூட்டை என்று நிரப்பி வைத்திருந்தேன். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்களிடம் ஆராய்ச்சி செய்கிறேன் என்று வேறு பீற்றிக்கொள்வேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பை எங்கள் சபையில் லெந்து நாட்கள் என்போம். அந்த வருடம் நோன்பு தொடங்கும் சாம்பல் புதனன்று, ஈஸ்டர் வரை ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் அப்பா குடித்தே போனவர். அதனால் அவள் இதைச் சாதாரணமாகக் கேட்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

சிக்கல் ஈஸ்ட்டால் வந்தது. ஒரு பீர் புளித்து முடிந்ததும் வாளியின் அடியில் தங்கும் மண்டியில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அதை வழித்து ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், தயிருக்கு உறை மோர் மாதிரி அடுத்த பீருக்கு உதவும். ரொம்ப நாள் சும்மா வைத்தால் சோர்ந்துவிடும். என் ஜாடியில் இருந்ததோ ஐந்து பீர் கண்ட ஈஸ்ட். குடிக்கமாட்டேன் என்றுதானே சொன்னேன், காய்ச்சமாட்டேன் என்றா சொன்னேன்? வாயில்லா ஜீவனைப் பட்டினி போடலாமா? எனக்கு நானே வாதாடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மூன்று ஈடு காய்ச்சினேன். பாட்டில்களைப் பரணில் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குப் பின்னால் அடுக்கினேன். ஈஸ்ட் நலமா என்று அறிய ருசி பார்த்தாக வேண்டுமே? முதல் முறை நாக்கில் வைத்துத் துப்பினேன். இரண்டாம் முறை துப்ப மறந்தேன். மூன்றாம் முறை ஒரு டம்ளர் அளவுக்கு மறந்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பட்டுச்சேலைக் கடையில் நாள் முழுக்கப் பேசியே விற்கிறவள் அவள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கே என்னை அரை மணி நேரம் காய்ச்சுகிறவள். பெரிய வெள்ளியன்று மத்தியானம், வெயில் தாங்காமல் பரணில் ஒரு பாட்டில் டமார் என்று வெடித்து, நுரை சுவரெல்லாம் வழிந்தது. கோயிலிலிருந்து அப்போதுதான் வந்தவள், வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேசாமல் துடைத்தாள். நான் பூரித்துப் போனேன். கடைசியில் என் ஆராய்ச்சியைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். இப்படி ஒரு மண்டூகத்தை எந்தச் சபையும் கண்டிருக்காது.

ஈஸ்டர் காலை ஆராதனை முடிந்து வந்ததும் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்:

"நீங்க குடிக்கமாட்டேன்னு சொன்ன அன்னிக்கே நானும் ஒரு பொருத்தனை பண்ணிக்கினேன். ஈஸ்டர் வரைக்கும் உங்கள ஒரு வார்த்த திட்டக்கூடாதுன்னு. மொத வாரமே வாடை வந்துச்சு. பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன்."

"இன்னிக்கு திட்டிடு," என்றேன்.

"திட்டலாம்னுதான் எழுந்தேன். வரலபா. எங்கப்பாவையும் எங்கம்மா கடைசில திட்றத வுட்டுட்டாங்க."

அவள் அழுதிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஜாடியை எடுத்து அப்படியே சிங்க்கில் கவிழ்த்தேன். கொழகொழவென்று இறங்கி, ஓட்டையை மூடிக்கொண்டு நின்றது.

"ஐயோ, அத ஏன் சிங்க்ல கொட்றீங்க? அடச்சிக்கினு நிக்குது பாரு! அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதா உங்களுக்கு?"

ஆரம்பித்தவள், பிரியாணி வெந்து இறங்கும்வரை நிறுத்தவில்லை. பரண், பாட்டில், டம்ளர், ஈரத் துண்டு, என் அக்கா, கம்பெனி பஸ் என்று ஒன்றையும் விடவில்லை. நான் சிங்க்கில் கையை விட்டுக் குடைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாடா என்றிருந்தது.