லில்லி தின்னும் பூச்சியின் முதல் பதிவு

போன வாரம் மாடி வீட்டுக்காரர்கள் ஒரு லில்லித் தொட்டியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். இலையெல்லாம் கூழாகி, அழுகிய வெங்காய வாடை. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட புழுக்கள் தண்டுக்குள் புகுந்து தின்றுகொண்டிருந்தன. எங்கள் மல்காஜ்கிரி அடுக்ககத்தில் பூச்சி விவகாரம் என்றால் என்னிடம்தான் வரும். மகள் போனில் படம் பிடித்து எதிலோ தேடிவிட்டு, "மம்மி, இது ஹைதராபாத்ல ஃபர்ஸ்ட் ரெக்கார்டு ஆனது மாரெட்பள்ளியிலயாம். யாரோ வரதன்னு போட்டிருக்கு" என்றாள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அழுகிய வெங்காயம் என்றால் எனக்கு அமீர்பேட் ஹாஸ்டல்தான். நாடே கம்ப்யூட்டர் படிக்க ஹைதராபாத்துக்கு ரயிலேறிய காலம் அது. ஓர் அறையில் ஐந்து பெண்கள், கீழே சமையற்கட்டு, அதன் வெங்காய மூட்டை வாசனை எங்கள் தலையணை வரை வரும். கோர்ஸ் முடித்து வேலை கிடைத்ததும் காலை ஷிப்ட் போட்டார்கள். விடிவதற்குள் கம்பெனி பஸ். தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த பஸ்தான் என்னை அந்துப்பூச்சிகளிடம் கொண்டுபோய் விட்டது.

எங்கள் அலுவலகத்தின் வெள்ளைச் சுவரில் ராத்திரி முழுக்க விளக்கெரியும். காலையில் போனால் சுவர் நிறைய அந்துப்பூச்சிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். துடைப்பத்தோடு பெண்கள் வருவதற்குள் நான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குக் கிறுக்கு என்று முடிவுகட்டினார்கள். அதில் பாதி உண்மைதான்.

அப்புறம்தான் ஊரில் அந்துப்பூச்சி பதிவு செய்பவர்கள் ஒரு குழுவாக இருப்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாரெட்பள்ளியில் வரதன் சார் வீட்டில் கூடுவார்கள். பாங்கில் இருந்து ஓய்வுபெற்றவர், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர். இந்த வட்டாரத்தில் என்ன பூச்சி உண்டு, எது புதிதாக வந்தது என்ற பட்டியல் அவர் கையில். அவர் ஏற்றுக்கொண்டால் பூச்சி உண்டு, இல்லையென்றால் இல்லை. வாசலில் இருந்து போர்ட்டிகோ வரை வெள்ளை லில்லி வளர்த்திருந்தார். டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் தாராளமாகக் கொடுப்பார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அலுவலக வளாகத்தை அழகுபடுத்த லாரி லாரியாக லில்லியும் மற்ற செடிகளும் வந்து இறங்கிய மழைக்காலத்தில், அந்தச் சுவரில் ஒரு பூச்சியைப் பார்த்தேன். கறுப்பு இறக்கையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொட்டுகள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் ஒட்டன்சத்திரத்துக்காரி. எங்கள் அப்பா கண்வலிக்கிழங்கு பயிரிட்டவர். அந்தக் கொடியையும் லில்லியையும் மொட்டையடிக்கும் பூச்சி இது. எத்தனை முறை மருந்தடித்திருக்கிறோம். வரதன் சாரின் பட்டியலில் இது கிடையாது. முதல் பதிவு என் பெயரில் வரும். வாழ்க்கையில் அப்படி வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

வளாகத்துக்குள் கேமராவுக்குத் தடை. அதனால் செத்துக் கிடந்த ஒன்றைத் தீப்பெட்டியில் எடுத்துப் போனேன். பஸ் குலுக்கலில் இறக்கையின் செதில் பாதி உதிர்ந்திருந்தது. வரதன் சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது ஊர்லருந்து உன் மூட்டையில வந்திருக்கும் மா. நீங்கதான் அரிசி, கிழங்குன்னு கட்டிட்டு வர்றீங்களே."

"இல்ல சார், ஆபீஸ் சுவர்ல பாத்தேன். அங்க லில்லியில புழுவும் இருக்கு."

"நக்கோ மா, அதெல்லாம் வேணாம். நான் பாக்காம எப்படி எழுதறது? ஆளு கொண்டுவந்த பூச்சிய லிஸ்ட்ல சேக்கறதில்ல. எதுக்கு இவ்ளோ அவசரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். லாரியில் வந்ததும் ஆள் கொண்டுவந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். வந்த இடத்தில் தானாகப் பெருகினால் சேரும், ஒருவர் கையால் கொண்டுபோய் விட்டது சேராது. அதுதான் அவர் வைத்த விதி. என் மூட்டையைப் பற்றிப் பேசியதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு டிபன் டப்பா நிறைய அலுவலகத்து லில்லிப் புழுக்களோடு போனேன். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, போன் பேசுகிற மாதிரி நடந்து, அவருடைய லில்லிப் பாத்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். பார்க்க வேண்டும் என்றாரே, நன்றாகப் பார்க்கட்டும். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவார் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு மெயில். புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழு, வெளிவந்த பூச்சி என்று விதவிதமான படங்கள். ஹைதராபாத்தில் முதல் பதிவு, மாரெட்பள்ளி, கண்டவர் வரதன். குழு முழுக்கப் பாராட்டு. எனக்குத் தனியாக போன் வேறு செய்தார்.

"லில்லி போனா போவுது மா, பூச்சி வந்துச்சே. நீ அப்பவே சொன்னே, ஹவ், ஆமா, ஒத்துக்கறேன். ஆனா ரெக்கார்டு ரெக்கார்டுதான்."

"சந்தோஷம் சார்" என்றேன். வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், ஊர்ப் பூச்சியை மூட்டையில் கட்டி வருகிறவள் என்று அவர் சொன்னதை நானே நிரூபித்ததாக ஆகிவிடும். அந்த வருஷமே குழுவுக்குப் போவதை நிறுத்தினேன்.

இப்போது அந்த வீடு இல்லை. ஐந்து மாடி எழும்பி, லில்லிப் பாத்தி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. எங்கள் அலுவலகச் சுவருக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டார்கள், பூச்சி உட்கார இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நின்றுபோனது. எஞ்சியிருப்பது அந்த ஒரு வரி மட்டும்.

வரதன் சார் நன்றாக இருக்கிறார், தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். சார், உங்கள் பாத்திக்கு அந்தப் பூச்சி தானாக வரவில்லை. நான்தான் கொண்டுவந்து கொட்டினேன். உங்கள் விதிப்படி அந்தப் பதிவு செல்லாது. என்னுடையதை நீங்கள் அன்றைக்கே அடித்துவிட்டீர்கள். இன்றைக்கு உங்களுடையதையும் உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள்.