அக்காவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

எங்கள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு அக்காவின் குரலைத் தெரியாதவர் கிடையாது. ஆளைத் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, யாரோ தாமதமாக்கிய வண்டிகளுக்கெல்லாம் தான் வருத்தம் தெரிவிப்பவர். பக்கத்து அறையில் இருக்கும் விசாரணை கவுண்டர் என்னுடையது. அவர் வருந்துவார், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அக்காவுக்குப் பாம்புக் காது. வண்டி வளைவில் திரும்பும்போதே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். அவர் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டிய மனிதர். பின்னால் குக்கர் வெடித்தால்கூட, "யாராவது கூப்பிட்டீங்களா?" என்று திரும்பிப் பார்ப்பார். இந்த ஜோடியின் வீட்டுக்குத்தான் அந்த வாஷிங் மெஷின் வந்து சேர்ந்தது.

இரண்டு வருட போனஸைப் போட்டு வாங்கிய பெரிய கம்பெனி மெஷின். மூன்றாவது மாதம், துணி நிறைந்திருக்கும்போது கடைசியாகப் பிழிகிற சுற்றில் ஒரு சத்தம் கிளம்பியது. கம்பெனிக்குப் போன் செய்தால் முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். அதற்குள் மெஷின் வேலையை முடித்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றது.

"சத்தம் எப்படி வருதுன்னு போனை மெஷின் பக்கத்துல வைங்க மேடம்" என்றது கடைசியில் போனை எடுத்த பெண் குரல்.

ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் போனை வைத்து என்ன பயன்? அக்காவே செய்து காட்டினார். "க்ர்ர்ர்... கீய்ங், கீய்ங், கீய்ங்... டொக்."

"ஐயோ, தெளிவா கேக்குது மேடம். ஆள் வர்ற வரைக்கும் மெஷின்கிட்ட போகாதீங்க!"

மெக்கானிக் வந்ததும் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல, ஓடிபி. அக்கா கள்ளமில்லாமல் சொல்லிவிட்டார். மெக்கானிக் பையைத் திறப்பதற்கு முன்பே அக்காவின் போனில் செய்தி வந்து விழுந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. அப்புறம் அவர் மெஷினை இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டினார்.

"தங்கமா ஓடுது மேடம்."

"காலியா ஓட்டறீங்களேப்பா. நான் என்ன காத்தைத் துவைக்கவா வாங்கினேன்?"

துணி போட்டு ஓட்டிப் பார்க்க ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அன்று அவருக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி. மாமாவிடம் ஒரு தாளை நீட்டினார். 'சத்தம் எதுவும் இல்லை' என்று அதில் இருந்தது. மாமா கையெழுத்துப் போட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அவருக்கு நிஜமாகவே சத்தம் எதுவும் இல்லை.

நான்கு மெக்கானிக், நான்கு காலி ஓட்டம், நான்கு மகிழ்ச்சி. அக்கா எழுத்தில் கேட்டதும் கம்பெனி எழுத்தில் பதில் சொன்னது: மெஷின் எழுப்பாத சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்கிறது, தகுந்த மருத்துவரை அணுகவும். அக்கா தபாலுக்கு அலுவலக விலாசம் கொடுத்திருந்தார். நிலைய மேலாளர் பழக்கதோஷத்தில் கவரைப் பிரித்துவிட்டார்.

"இல்லாத சத்தம் கேக்குதுன்னு எழுதியிருக்காங்களேம்மா. நாளைக்கு இல்லாத வண்டிய அறிவிச்சிட்டீங்கன்னா? இதுல ஒரு முடிவு வரட்டும், அதுவரைக்கும் மைக் வேணாம்."

பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கும் அறைக்கு அக்காவை அனுப்பினார்கள். அங்கே நாற்பது குடைகளும் ஒரு பல்செட்டும் இருந்தன. மைக்கில் ஒரு பதிவுக் குரல் வருந்தத் தொடங்கியது. எனக்கு வந்த கோபத்தில் அன்று மூன்று பயணிகளை நான் திட்டினேன்.

அக்கா என் முன்னால் அழுதது ஒரே ஒரு தடவைதான். மதியச் சாப்பாடு கொடுக்க வந்த மாமாவிடம் கேட்டார். "உங்களுக்குக் கேக்கலன்னா எனக்குக் கேக்கலன்னு எழுதுங்க. சத்தமே இல்லன்னு ஏங்க எழுதினீங்க?" மாமாவுக்கு அது நன்றாகவே கேட்டது. டப்பாவை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவை அக்காவே எழுதினார். வக்கீல் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று விசாரித்து வந்தது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பில், வாரண்டி அட்டை, நான்கு மகிழ்ச்சிச் செய்திகள், மருத்துவரைப் பார்க்கச் சொன்ன கடிதம் எல்லாம் வரிசையாக வைத்தோம். மாமா தனியாக ஒரு தாள் எழுதித் தந்தார்: எனக்குக் காது மந்தம், என் கையெழுத்தை நம்ப வேண்டாம்.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் மடிப்புக் கலையாத கோட்டில் வந்தார். "சோதனைக்கூட அறிக்கை இல்ல. சாட்சி இல்ல. இருந்த ஒரே சாட்சிக்கும் காது கேக்காது. எல்லாம் இவங்க பிரமை, ஐயா."

ஆணையத் தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "அப்படி என்னதாம்மா சத்தம்?"

அக்கா எழுந்து, தொண்டையைச் செருமி, மைக் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்தார். "க்ர்ர்ர்... கீய்ங், கீய்ங், கீய்ங்... டொக்."

வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலர் எழுந்து நின்றுவிட்டார்.

"இல்லைங்க" என்றார் கம்பெனி வக்கீல் படாரென்று. "கடைசில ஒரு டொக் இல்ல. ரெண்டு. டொக், டொக்."

சொன்ன வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார்.

"உங்க வீட்லயும் இதே மெஷினா?" என்றார் தலைவர்.

"ரெண்டு வருஷமா, ஐயா." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "கம்பெனில சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

"கம்பெனிக்காகத்தானே வந்திருக்கீங்க?"

"அதனாலதான் வெளிய சொல்லிக்கல, ஐயா."

"ரெண்டு வருஷம் ஆனா ரெண்டு டொக் வரும்போல" என்று அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்.

புது மெஷின் தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்று தீர்ப்பு. இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டபோது, அந்தச் சத்தம் நிஜம் என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னார் அக்கா. எழுதினார்கள். அந்த ஒரு வரியை மேலாளரின் மேஜையில் நான்தான் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்சம் ஓங்கியே வைத்தேன்.

அக்கா மைக்குக்குத் திரும்பிய மூன்றாம் நாள், அந்த வக்கீல் கோட்டு இல்லாமல் என் கவுண்டரில் வந்து நின்றார். கையில் பில், வாரண்டி அட்டை. மனு எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் வந்தாராம். அக்காவின் அறைக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் நான்கு நடைமேடையிலும் அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"எழுதறது அப்புறம் இருக்கட்டும் சார். மொதல்ல, ஆள் வந்து வேலைய முடிக்கறதுக்கு முன்னாடி ஓடிபிய மட்டும் குடுக்காதீங்க."

பயணிகள் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அக்கா மைக்கை அணைக்க மறந்ததே இல்லை. அன்றும் மறந்தார் என்று நான் நம்பவில்லை.

அதற்கு மட்டும் அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை.