ஏழாவது சம்பந்தம்

ஹரிசனுக்கு முப்பத்தாறு வயது. மருந்துக் கம்பனி ஒன்றில் விற்பனை ரெப். வெள்ளவத்தையில் அம்மா சரோஜினிதேவியோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறான். ஆறு இடத்தில் சம்பந்தம் பேசி ஆறும் குழம்பிப் போயிற்று. குழம்பியதைக்கூடத் தாங்கிக்கொண்டான், ஏன் என்று ஒருவரும் சொல்லாததுதான் அவனைப் போட்டு ஆட்டியது. நம்முடைய சனத்துக்கு வேண்டாம் என்று நேரே சொல்ல வாய் வராது. சாதகக் குறிப்புச் சரிவரவில்லை என்பார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதானே பெண்ணையே காட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்கவும் முடியாது.

ஆகவே அவன் விஞ்ஞானத்திடம் கேட்கப் போனான். டொக்டர்மாரின் வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் காதில் பரிணாம உளவியல் விரிவுரைகள். பிள்ளையைச் சுமந்து, பெற்று, பாலூட்டுகிறவள் பெண். தவறான துணை அமைந்தால் ஆதிகாலத்தில் அவளுக்குத்தான் சேதம் அதிகம். அதனால் ஆணின் வசதி, அந்தஸ்து, பரிவு, கைவிடாத குணம் எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்கிற மனம் அவளுக்கு வளர்ந்திருக்கலாம் என்றார்கள். இது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னார்கள். அதை மட்டும் நம்முடைய ஆள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருந்து விற்கிறவன் இதையும் விற்பனைப் பாடமாகவே கேட்டான்.

ஏழாவது சம்பந்தம் மிதுனா, உயிரியல் ஆசிரியை. இரண்டு தரம் ஃபோனில் கதைத்திருந்தார்கள். அவள் சிரித்த சிரிப்பில் இவனுக்கு நித்திரை போய்விட்டது. இவள் கிடைக்காவிட்டால் இனி ஒருத்தியையும் பார்ப்பதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கோயிலில் பார்ப்பதாக ஏற்பாடு. இரு வீட்டாரும் தற்செயலாக வந்தது போல வரவேண்டும், அதுதான் முறை. நாலு மணிக்கே வேட்டியைக் கட்டிக்கொண்டு பல்கனிக்கும் கதவுக்கும் இடையில் நடந்தான். வசதியைக் காட்ட மச்சான் கார்த்திகனின் புதுக் காரை இரவல் வாங்கியிருந்தான்.

கோயிலடியில் காரை நிறுத்தியதும் பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மெல்லத்தான் இறங்குவா. இறங்கும்போது செருப்பொன்று கழன்று சாக்கடைக் கானோரம் விழுந்தது.

"எத்தனை தரம் சொன்னனான், இந்தப் பழஞ்செருப்பைப் போடாதேங்கோ எண்டு? உங்களாலதான் எனக்கு எல்லாம் குழம்புது!" என்று ஹரிசன் ஹோர்னுக்கு மேலால் கத்தினான்.

அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவி, தானே செருப்பை மாட்டிக்கொண்டா. அவன் கண்ணாடியில் தலைமயிரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போக ஆண்கள் மேலே போட்ட சேட்டைக் கழற்ற வேண்டும். கார் வெளியே, விலைகூடிய சேட் தோளில். தொப்பையோடு நின்றவனிடம் மிஞ்சியிருந்தது பரிவு மட்டுந்தான். நல்ல காலம், ஈரத் தரையில் ஒரு சின்னப்பிள்ளை வழுக்கி விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கி, கண்ணைத் துடைத்து, தாயிடம் கொடுத்தான். நிமிர்ந்தால் மயில்நீலச் சேலையில் மிதுனா. பார்த்தாள், மெல்லச் சிரித்தாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கலியாணப் புரோக்கர் ஸ்ரீஸ்கந்தராசாவின் அழைப்புக்காக ஃபோனைக் குளியலறைக்கும் கொண்டு திரிந்தான். திங்கள் பின்னேரம் அழைத்தது மிதுனாவே.

"குறிப்பில பிழையெண்டு சொல்லச் சொல்லி வீட்டில சொன்னவை. எனக்கு அந்தப் பொய் விருப்பமில்லை. நான் அண்டைக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்திட்டன். கோயிலுக்கு எதிரில பூக்கடைக்குள்ள இருந்தனான்."

ஹரிசனுக்குக் காது இரண்டும் எரிந்தன. அவள் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏன் முந்தி வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டான்.

"பாக்கினம் எண்டு தெரிஞ்சா எல்லாரும் நல்லாத்தான் நிப்பினம். நானும் அப்பிடித்தானே நிண்டனான்."

"மிதுனா, அது ஒரு பதற்றத்தில வந்திட்டுது. நான் ஒவ்வொரு நாளும் அம்மாவை அப்பிடி ஏசுறேல்லை. உண்மையா."

"இருக்கும். உங்களை எனக்குப் பிடிச்சும் இருந்தது." அவளுடைய குரலும் கொஞ்சம் உடைந்திருந்தது. "ஆனா எனக்கு உங்களைப் பாக்கத் தந்தது அந்த ஒரு நாள்தானே."