காயலான் கடையில் வாங்கிய ஜப்பான் வண்டி

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பழைய ஜப்பான் வண்டி, டூ ஸ்ட்ரோக் பைக், என்னைக் கடந்து போனது. ஓட்டிய பையன் புதுப் பெயின்ட் அடித்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். அது விட்டுப்போன நீலப் புகைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்தேன். இத்தனைக்கும் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

கல்யாணமான புதிதில் எனக்குக் கல்வராயன் மலையில் கிராம செவிலியர் வேலை. வீடு கள்ளக்குறிச்சியில். மலைக்கு பஸ் வந்தாலும் வரும், வராமலும் போகும். தடுப்பூசி நாளில் நான் போய்ச் சேருவதற்குள் தாய்மார்கள் காட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். மேலிடத்தில் விளக்கம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "வேலய வுட்டுட்டு வூட்டோட இருக்கட்டுமே" என்றார் மாமியார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் வேலையை விட மனசில்லை.

என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் மோட்டார் பார்ப்பவர், வாய் திறந்து பேசாதவர். ஒருநாள் காயலான் கடையிலிருந்து டயர்கூட இல்லாத ஒரு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"இன்னாங்க இது?"

"ஒனக்குத்தான். மல ஏற இதான் சரி."

"எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராது."

"சைக்கிள் மல ஏறாது" என்றார், ஏதோ அதுதான் என் சந்தேகம் என்பதுபோல.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் வண்டிக்கு என்று ஆகிவிட்டன. சாக்கை விரித்து, வண்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கார்புரேட்டர் அடைப்பை எடுக்க என் ஊசிமுனைதான் உதவியது. பெட்ரோலில் ஆயில் கலப்பதும் சிரிஞ்சில்தான், குழந்தைக்கு மருந்து அளப்பது மாதிரி. "போதும், ஜாஸ்தியானா பிளக்கு கறுத்துடும்" என்பார். கையில் ஸ்பேனர் இருந்தால் அந்த மனுஷனுக்குப் பேச்சு வந்துவிடும். எட்டாவதில் பெயிலான கதையை எல்லாம் அப்போதுதான் கேட்டேன். நானும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

வண்டி ஓடியது, நானும் ஓட்டப் பழகினேன். சத்தம்தான் ஊரைக் கூட்டும். நான் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதே மேலே கேட்டுவிடும். போய் இறங்கினால் பலாமரத்தடியில் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சத்தம் மோட்டார் பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு மானப் பிரச்சினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புது சைலன்சர் மாட்டிவிட்டார். அடுத்த தடுப்பூசி நாளில் பூனைபோலப் போய் நின்றேன். மரத்தடியில் ஒருவரும் இல்லை. "சத்தமே கேக்கலியே நர்சம்மா. நீங்க வரலன்னு கெளம்பிட்டாங்க" என்றாள், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த ஒருத்தி.

வந்து சொன்னேன். பழைய சைலன்சரைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினார். என் வேலை நிலைத்தது அந்தச் சத்தத்தால்தான்.

சில வருடங்களில் தியாகதுருகம் பக்கம் மாறுதல் கிடைத்தது. பஸ்ஸிலேயே போய் வரலாம். வண்டியை மலைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். அன்று எனக்கு வருத்தமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் வேலை மிச்சம் என்ற நிம்மதிதான். பிறகு வாங்கியவை எல்லாம் நல்ல வண்டிகள். சர்வீசுக்கு விட்டால் துடைத்தே கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அவர் கூடத்தில் டிவி பார்க்கிறார், நான் உள்ளே போனைப் பார்க்கிறேன். சண்டை ஒன்றும் கிடையாது. அவர் எதிரில் போய் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. போய் உட்கார்ந்தால், "இன்னா வேணும்?" என்று கேட்கிறார்.